96 பக்கக் கவிதையும் 32 பக்கப் படப்புத்தகமும்: ஒரு சிறு பதிப்பகத்தின் கணக்கு

புத்தகக் கண்காட்சியில் சிறு பதிப்பகத்தின் கடைக்கு வருகிறவர், புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அட்டையைப் பார்ப்பார். பின்பக்கம் திருப்பி விலையைப் பார்ப்பார். அப்புறம் கடைசித் தாளைப் புரட்டி எத்தனை பக்கம் என்று பார்ப்பார். நாகர்கோவிலானாலும் சென்னை நந்தனமானாலும் இதுதான் வழக்கம். 400 பக்க நாவல் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். மாட்டிக்கொள்வது கவிதைத் தொகுப்பும் குழந்தைகளுக்கான படப்புத்தகமும்தான். முதலாவதில் பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. இரண்டாவதில் இருக்கும் மொத்த எழுத்தையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். "இதுக்கா இந்த வெல?" என்று வாய்விட்டுக் கேட்காதவர்களும் மனதுக்குள் கேட்டபடியே கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனாலும் சிறு இலக்கியப் பதிப்பகங்கள் இந்த இரண்டையும் விடாமல் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரே பட்டியலில் புதுக் கவிஞரின் முதல் தொகுப்பும் வண்ணப் படங்களோடு ஒரு குழந்தைக் கதையும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்தால், சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்துவைத்த மாதிரி தோன்றலாம். உள்ளே போய்ப் பார்த்தால் சம்பந்தம் இருக்கிறது. இரண்டிலும் ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது என்ன வருகிறது என்பதை ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் சந்தையில் விலை இல்லை. குமரி மாவட்டத்திலிருந்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அச்சும் பாட்டும் இந்த ஊருக்கு ரொம்பப் பழக்கம். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததுதான் தாமதமாக.

தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றைக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழைய நூலான தம்பிரான் வணக்கம், 1578-இல் கொல்லத்தில் அச்சானது. அதன் அளவு 16 பக்கம். இன்றைய அச்சக மொழியில் சரியாக ஒரு ஃபாரம். நாகர்கோவிலுக்கு அச்சு இயந்திரம் வந்தது லண்டன் மிஷன் காலத்தில். 1818-இல் இங்கே வந்த சார்லஸ் மீட் இரண்டொரு ஆண்டுகளில் அச்சகத்தை நிறுவினார். திருவிதாங்கூரின் முதல் அச்சகம் என்று அதைச் சொல்வார்கள். அங்கே அச்சானவை பெரும்பாலும் துண்டுப் பிரசுரங்கள், பாடநூல்கள், சமய நூல்கள்.

அதே காலத்தில் ஊரில் பாட்டு வேறு வழியில் ஓடிக்கொண்டிருந்தது. தக்கலை பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் தர்காவில் இரவெல்லாம் கூடிப் பாடுகிறார்கள். அய்யாவழியின் அகிலத்திரட்டு அம்மானை 1841-இல் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு சொல்கிறது. அச்சேறியது 1939-இல். இடையில் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஏடு வாசிப்பாகவே அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு இன்றைக்கும் விடிய விடிய நடக்கிறது. இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்தவருக்குப் பாட்டு என்பது காதில் விழுவது. தாளில் எத்தனை வரி, எங்கே மடக்குவது என்ற கவலை அதில் இல்லை.

தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிறார். அவருடைய குழந்தைப் பாடல்கள் காதுக்காக எழுதப்பட்டவை. ஆனால் மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது பள்ளிப் பாடநூல் வழியாக. கன்றும் பசுவும் தோட்டத்தில் நிற்கிற அந்தப் பாட்டைப் படித்த பலருக்குப் பாட்டோடு சேர்ந்து ஒரு படமும் ஞாபகத்தில் இருக்கும். யார் வரைந்தது என்று மட்டும் தெரியாது. பாட்டு எழுதியவருக்குப் பெயர் உண்டு, படம் போட்டவருக்குக் கிடையாது என்ற வழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அழகியபாண்டியபுரத்தில் பிறந்த கிருஷ்ணன் நம்பி சிறுகதைக்காரராக அறியப்பட்டாலும், சசிதேவன் என்ற பெயரில் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். ஆக, இலக்கியமும் குழந்தைப் பாட்டும் ஒரே ஆள் செய்கிற வேலையாக இருந்திருக்கிறது. பிற்பாடுதான் இரண்டும் வெவ்வேறு அலமாரிக்குப் போயின.

கண்ணால் படிக்கிற கவிதை இங்கே சிறுபத்திரிகைகளோடு வந்தது. சி.சு. செல்லப்பா 1959-இல் சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய வருடமே அதில் நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா என்ற பெயரில் ஒரு கவிதை வந்தது. எழுதியவர் சுந்தர ராமசாமி. அவர் 1988-இல் நாகர்கோவிலில் தொடங்கிய காலச்சுவடு, 90களின் நடுவில் பதிப்பகமாகவும் ஆனது. இன்று அது சிறு பதிப்பகம் இல்லை. ஆனால் ஒரு மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்துகொண்டே தமிழ்நாடு முழுக்கப் புத்தகம் விற்க முடியும் என்பதை அது காட்டியது. மெய்ப்புப் பார்க்கவும் பக்கம் கட்டவும் தெரிந்தவர்கள் ஊரிலேயே உருவானதிலும் அதற்குப் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, இப்போது அச்சகத்துக்குள் போவோம்.

கவிதைத் தொகுப்புக்குத் தமிழில் வழக்கமான அளவு டெம்மி எட்டில் ஒன்று. ஒரு டெம்மித் தாளை மடித்தால் 16 பக்கம், முன்புறம் 8, பின்புறம் 8. இதுதான் ஒரு ஃபாரம். அதனால்தான் தொகுப்புகள் 80, 96, 112 என்று 16-இன் மடங்கில் வந்து நிற்கின்றன. கவிஞர் 90 பக்கத்துக்குக் கவிதை கொடுத்தால் "இன்னும் ரெண்டு மூணு இருந்தாக் குடுங்க" என்று போன் வரும். அப்படிக் கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்த கவிதைகள் எத்தனையோ தொகுப்பில் தனியாகத் தெரிகின்றன. நல்ல பதிப்பாசிரியர் அந்த ஆறு பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவார், அல்லது பத்துப் பக்கக் கவிதையை எடுத்துவிடச் சொல்வார். முதல் தொகுப்பு போடும் கவிஞரிடம் இதைச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமில்லை.

அடுத்தது வரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. டெம்மித் தாளில் ஓரம் போக எழுத்துக்குக் கிடைப்பது நான்கு அங்குலம்தான். கணினியில் அகலமான பக்கத்தில் எழுதிய கவிதை இந்த நான்கு அங்குலத்துக்குள் வரும்போது நீண்ட வரிகள் மடங்கும். "கடலுக்குப் போனவர்களின் செருப்புகளை வரிசையாக அடுக்கிவைத்தாள் மூத்தவள்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கவிஞர் அதை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். புத்தகத்தில் 'மூத்தவள்' மட்டும் மடங்கிக் கீழே தனி வரியாக நிற்கும். படிக்கிறவர் அங்கே நின்றுவிடுவார். இளையவள் எங்கே என்று யோசிப்பார். கவிஞர் நினைக்காத ஓர் அழுத்தத்தை நான்கு அங்குலத் தாள் போட்டுவிடுகிறது. இதைத் தவிர்க்க, மடங்கின வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கலாம், எழுத்தை அரைப் புள்ளி குறைக்கலாம், இல்லையென்றால் புத்தகத்தின் அளவையே மாற்றலாம். மூன்றில் எதைச் செய்தாலும் ஒவ்வொரு பக்கமாகப் போய் ஒருவர் பார்க்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுகிற தொல்லை வேறு. உரைநடையில் ஒரு பிழை ஓடிப்போய்விடும். ஆறு வரிக் கவிதையில் ஒரு கொம்பு பிசகினால் கவிதையே போச்சு.

அச்சுச் செலவு மட்டும் கவிதைக்கு இன்று பெரிய தடையில்லை. ஆஃப்செட்டில் 1,000 பிரதி போட்டால்தான் கட்டுப்படியாகும் என்ற காலத்தில், கவிஞரின் வீட்டுப் பரணில் 700 பிரதி கிடந்தது. தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறை வந்தபிறகு 50, 100 என்று போட்டுக்கொள்ள முடிகிறது. விற்றால் மறுபடி போடலாம். தமிழில் கவிதைத் தொகுப்புகள் இத்தனை வருவதற்கு மொழியில் திடீரென்று ஏற்பட்ட எழுச்சி காரணமில்லை, இந்த இயந்திரம்தான் காரணம். நல்லதுதான். ஆனால் 1,000 பிரதிக்குப் பணம் போடவேண்டியிருந்த காலத்தில், பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை நான்கு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 50 பிரதிக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை என்றாகிவிட்டது. பதிப்பாசிரியர் என்ற ஆள் செலவுப் பட்டியலிலிருந்து முதலில் விழுந்தது இப்படித்தான்.

படப்புத்தகத்துக்கு வருவோம். பிஓடி தந்த விடுதலை இங்கே கிடையாது. வண்ணத்தில் அப்படி அச்சிட்டால் பிரதிக்கு ஆகும் செலவு குறையவே குறையாது, பத்துப் போட்டாலும் நூறு போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆகவே ஆஃப்செட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே பிளேட், அதாவது அச்சுத் தகட்டின் கணக்கு. 96 பக்கக் கவிதைத் தொகுப்பு ஆறு ஃபாரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புறம், ஒரே கறுப்பு மை. 12 பிளேட்டில் முடிந்தது. படப்புத்தகம் 32 பக்கம்தான், டபுள் கிரவுன் என்கிற பெரிய தாளில் இரண்டே ஃபாரம், நான்கு புறம். ஆனால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொரு புறத்துக்கும் நான்கு பிளேட். மொத்தம் 16. மூன்றில் ஒரு பங்கு பக்கத்துக்கு அதிகமான பிளேட். மேலே சொன்ன வாசகர் கடைசித் தாளைப் புரட்டிப் பார்க்கும்போது இந்தக் கணக்கு அவருக்குத் தெரிய வழியே இல்லை.

பிளேட்டோடு முடியவில்லை. நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் விழவேண்டும். பிசகினால் குழந்தையின் கண்ணுக்குச் சிவப்பு ஓரம் கட்டியிருக்கும். ஓவியர் தாளில் வரைந்த பச்சை வேறு, திரையில் தெரிகிற பச்சை வேறு, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் வருகிற பச்சை வேறு. குமரி மாவட்டத்தில் இது விளையாட்டில்லை. தோவாளைப் பக்கத்து வயல் பச்சை, விளவங்கோட்டு ரப்பர்த் தோட்டப் பச்சை, மலையடிவாரத்துப் பச்சை எல்லாம் ஒரே பச்சையாக அச்சில் வந்து நின்றால், ஓவியர் மூன்று மாதம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததெல்லாம் வீண். அதனால் யாராவது சிவகாசிக்குப் போய், முதல் தாள் இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது பக்கத்தில் நிற்கவேண்டும். போகிறவர் பெரும்பாலும் பதிப்பாளரேதான். அவருக்குச் சம்பளம் போட்டால் புத்தகத்துக்கு விலையே வைக்க முடியாது.

வாங்குகிறவர் ஏன் இதற்குக் காசு கொடுக்கத் தயங்குகிறார்? கஞ்சத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் தயாரில்லை. ஒரு தலைமுறை தமிழ் வாசகர்கள் வண்ணப் படப்புத்தகத்தை முதலில் பார்த்தது மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய நூல்களில்தான். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக அவை சில ரூபாய்க்குக் கிடைத்தன. கெட்டி அட்டை, அழகான ஓவியம். செலவை ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருந்தது என்பது வாங்கியவருக்குத் தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் போனது, புத்தகங்களும் நின்றன. விலை பற்றிய நினைவு மட்டும் நிற்கவில்லை. 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களும் மலிவு விலைதான். அண்மையில் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் படங்களோடு சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல காரியம் இருக்க முடியாது. ஆனால் அரசின் விலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனி ஆள் ஒருவரின் பதிப்பகத்து விலையை ஒப்பிட்டால் பின்னது எப்போதும் கொள்ளையாகத்தான் தெரியும்.

சென்னையில் 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ் இதை வேறு வழியில் தாண்டியது. கையால் செய்த தாளில் சில்க் ஸ்கிரீன் முறையில் ஒவ்வொரு வண்ணமாகக் கையாலேயே அச்சிட்டு, புத்தகத்தையே கலைப்பொருளாக்கி உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. அந்த விலைக்கு அங்கே ஆளிருக்கிறது. தமிழ் வாசகரை மட்டும் நம்பியிருக்கும் பதிப்பகம் அந்த வழியில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

கவிதைத் தொகுப்புக்கும் படப்புத்தகத்துக்கும் நடுவில் பழைய, மலிவான ஒரு பாதை இருக்கிறது: கோட்டோவியம். கறுப்பு மையில் வரைந்த கோட்டுக்குத் தனிப் பிளேட் வேண்டாம், கவிதையோடு சேர்ந்தே அச்சாகிவிடும். கே.எம். ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் சிறுபத்திரிகைகளுக்கும் இலக்கிய நூல்களுக்கும் வரைந்துகொடுத்த காலத்திலிருந்தே தமிழ்க் கவிதைக்கும் கோட்டுக்கும் நெருக்கம் உண்டு. இப்போது வரும் 'ஓவியங்களுடன் கவிதைகள்' வகைத் தொகுப்புகளில் பாதி இந்தப் பாதையில் வருபவைதான். அதில் ஒரு வியாதி இருக்கிறது. மழைக் கவிதைக்குக் குடை, பிரிவுக் கவிதைக்கு ஜன்னலோரப் பெண், சாவுக்கு இலையில்லாத மரம். கவிதை சொன்னதையே படமும் திரும்பச் சொல்கிறது. படிக்கிறவர் மனதில் உருவாகவிருந்த மழையைக் குடை வந்து மறைத்துவிடுகிறது. ஓவியரிடம் கவிதையைக் கொடுத்து "இதுக்கு ஒரு படம்" என்று கேட்டால் அப்படித்தான் கிடைக்கும். முழுத் தொகுப்பையும் படிக்கக் கொடுத்து, பத்துப் படம் வரையச் சொல்லி, எந்தப் படம் எந்தக் கவிதைக்கு எதிர்ப்பக்கத்தில் போகவேண்டும் என்று பிறகு உட்கார்ந்து தீர்மானிக்கிற பதிப்பகங்களின் புத்தகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

குழந்தைகளின் படப்புத்தகத்திலோ பிரச்சினை நேர் எதிர். அங்கே படம்தான் கதை. படம் தப்பினால் கதை தப்பும். குமரி மாவட்டத்தை வைத்து எழுதிய கதைக்கு இந்த ஊரைப் பார்த்திராத ஓவியர் படம் போடும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டுமரத்துக்குப் பக்கச்சுவர் வைத்துப் படகாக்கிவிடுவார். கட்டுமரம் என்றால் சேர்த்துக் கட்டிய மரத்துண்டுகள், உள்ளே உட்காரக் குழிவு கிடையாது, அலை மேலேயே ஏறி இறங்கும். அதுதான் கதையில் பையனின் பயமே. குளச்சல் பக்கத்துக் கதையில் கடலிலிருந்து சூரியன் உதிப்பதாக வரைவார். அங்கே சூரியன் கடலில் மறையும். பனையேறியின் கையில் வெறும் அரிவாளைக் கொடுத்துவிடுவார். இடுப்பில் அருவாப்பெட்டி, மரத்தில் சாய்த்து ஏற முருக்குத்தடி, பாளையில் கட்டின கலயம் இவையெல்லாம் இல்லாமல் அக்கானி என்கிற பதநீர் எப்படி இறங்கும்? பனையேறி வீட்டுக் குழந்தை அந்தப் படத்தைப் பார்த்தால் சிரித்துவிட்டு மூடிவைத்துவிடும். நகரத்துக் குழந்தையோ அதை உண்மை என்று நம்பிவிடும், அது இன்னும் மோசம்.

பார்த்து வரைய இங்கே படத்துக்குப் பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை. தோல்பாவைக்கூத்துக் கலைஞர்கள் இந்த மாவட்டத்தில் தலைமுறையாக வாழ்ந்தவர்கள். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அந்தக் கலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பாவையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆட்டுத்தோலைப் பதமாக்கி, ஒளி ஊடுருவும்படி சாயமிட்டிருப்பார்கள். நகை, துணி மடிப்பு எல்லாம் சிறுசிறு துளைகள். திரைக்குப் பின்னால் விளக்கு வைத்தால் வண்ணத்தின் வழியாகவும் துளையின் வழியாகவும் வெளிச்சம் வரும். முகம் பக்கவாட்டில், கண் மட்டும் பெரிதாக. படக்கதைக்கு வேண்டிய அத்தனை இலக்கணமும் அதில் இருக்கிறது. ஆனால் குழந்தைப் புத்தகங்களில் இன்னமும் பெரும்பாலும் காண்பது ஜப்பானியக் கார்ட்டூன் கண்களும் எந்த ஊருமில்லாத புல்வெளியும். அண்மையில் கணினியே வரைந்து தள்ளும் படங்களும் அட்டைகளில் ஏற ஆரம்பித்துவிட்டன. முருக்குத்தடியை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் ராயல்டி 10 சதவீதம். கவிதைத் தொகுப்பு 120 ரூபாய், 300 பிரதி விற்றது என்றால் கவிஞருக்கு 3,600 ரூபாய். பல கவிஞர்கள் அதைப் புத்தகமாகவே வாங்கிக்கொண்டு நண்பர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். படப்புத்தகம் 200 ரூபாய், 1,000 பிரதியும் விற்றுத் தீர்ந்தாலும் ராயல்டி மொத்தம் 20,000. எழுதியவரும் வரைந்தவரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 10,000. மாதக்கணக்கில் வரைந்த ஓவியருக்கு அது எந்த வகையிலும் கூலி ஆகாது. ஆகவே நல்ல ஓவியர்கள் விளம்பரத்துறையில் சம்பாதித்து, ஓய்வு நேரத்தில் புத்தகத்துக்கு வரைகிறார்கள். புத்தகம் ஒரு வருடம் தள்ளிப்போவது அதனால்தான், சோம்பலால் இல்லை.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் பதிப்பாளர் கட்டிய வரியை, விற்கும்போது வரி இல்லை என்பதாலேயே கழித்துக்கொள்ள முடியாது. அது புத்தகத்தின் விலையிலேயே ஒளிந்துகொள்கிறது. கனமான ஆர்ட் பேப்பரும் நான்கு வண்ண அச்சும் வாங்குகிற படப்புத்தகத்துக்குத்தான் இந்த அடி பலமாக விழுகிறது.

விற்பனை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாரும் புலம்புவதுதான். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எழுத்தறிவு வேறு, கவிதைத் தொகுப்பு வாங்குவது வேறு. நூலகங்களுக்கு அரசு வாங்குவதை எல்லாப் பதிப்பகங்களும் நம்பியிருக்கின்றன. 1948 பொது நூலகச் சட்டப்படி நாம் சொத்து வரியோடு கட்டும் நூலக வரியிலிருந்துதான் அந்தப் பணம் வருகிறது. அங்கே நெடுங்காலமாக விலை போட்டுவந்தது தாளின் அளவையும் பக்க எண்ணிக்கையையும் வைத்து. கண்காட்சிக்கு வருபவர் விரல் வைத்துப் பார்க்கும் அதே கணக்கு, அரசாணையாக. கவிதையின் வெள்ளைப் பக்கத்துக்கும் அதில் காசு உண்டு என்பதால் கவிதைக்காரர்கள் முணுமுணுப்பதில்லை. 32 பக்கப் புத்தகத்துக்கு ஓவியர் உழைத்தது அந்தக் கணக்கில் எங்கும் ஏறாது.

அஞ்சல் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு கோயம்புத்தூர் வாசகருக்குப் புத்தகம் அனுப்புகிறவருக்கு உயிர்நாடியாக இருந்தது பதிவுப் புத்தக அஞ்சல். 2024 டிசம்பர் 18-ஆம் தேதி முன்னறிவிப்பு இல்லாமல் அது நின்றது. 80 ரூபாய்ப் புத்தகத்துக்கு ஏறக்குறைய பாதி விலையை அனுப்பும் செலவாகக் கேட்டால் யார் வாங்குவார்கள்? 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் புது ஏற்பாடு வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்று தொடங்கினார்கள். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு என்பது விதி. கவிதை பண்பாட்டில் சேரும் என்று நம்புவோம். நம்முடைய இரண்டு புத்தகத்தையும் தராசில் வைத்துப் பார்த்தால், 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் 96 பக்க டெம்மித் தொகுப்பு அட்டையோடு 120 கிராம் அளவுக்கு வரும். 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் 32 பக்கப் படப்புத்தகமும் கிட்டத்தட்ட அதே 120 கிராம்தான். இரண்டையும் ஒரே உறையில் போட்டாலும் 300 கிராமுக்குள் அடங்கிவிடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு கவிதைத் தொகுப்பு, வீட்டுப் பிள்ளைக்கு ஒரு படப்புத்தகம், ஒரே தபால் செலவு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்திருப்பதற்கு இப்படியும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. படப்புத்தகத்தின் மூலை மடங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைக்கவேண்டும், அந்த எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாரதி 1920-இல் தன் நூல்களை மொத்தமாக வெளியிடத் திட்டம் போட்டபோது, மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாக அவை விற்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை இல்லாமல் யாரும் பதிப்பகம் தொடங்குவதில்லை. ஆனால் தீப்பெட்டிக்குப் பெயர்போன சிவகாசியில்தான் இந்தப் படப்புத்தகங்களும் அச்சாகின்றன, அங்கே ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குப் புது ஆண்டின் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். அதிலிருந்து டிசம்பர் வரை வண்ண இயந்திரங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியில். எல்லாப் பதிப்பகமும் நவம்பரில் ஓடிப்போய் நிற்கும்போது, 1,000 பிரதிக்காரரின் வேலை ஆயிரக்கணக்கான மாதக் காலண்டர்களுக்குப் பின்னால்தான் நிற்கும். அவசரத்தில் அச்சாகும் தாளில்தான் குழந்தையின் கண்ணுக்குச் சிவப்பு ஓரம் வந்து சேர்கிறது.

விவரம் தெரிந்த சிறு பதிப்பகங்கள் அதனால் படப்புத்தகத்தைப் பிப்ரவரியிலேயே அச்சுக்குக் கொடுத்துவிடுகின்றன. இயந்திரம் ஓய்வாக இருக்கும், பக்கத்தில் நின்று வண்ணம் பார்க்க விடுவார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று கதைசொல்லும் நிகழ்ச்சிகள் வைத்து 200 பிரதி விற்றால் அச்சகத்துக்கு ஒரு தவணை கட்டலாம். மீதி 800 பிரதி ஜனவரிவரை காத்திருக்க வேண்டும். குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் ஏறினால் ஆர்ட் பேப்பரில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். ஆகவே கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், பிளாஸ்டிக் உறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கவேண்டும். வாடகை கொடுத்து வைக்க இடம் பிடிக்கிற அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் வீட்டு முன்னறையில்தான் அடுக்குகிறார்கள்.